பழைய பிக்கப்பில் கரண்ட் கோளாறா, இன்ஜின் கோளாறா? நாமே தேடுவதா, பாகத்தை மாற்றுவதா, ஆளிடம் விடுவதா, மொத்தமாகப் பிரிப்பதா?

பழைய பிக்கப் வைத்திருக்கிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். சாவியைத் திருப்பினால் ஒரு நாள் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) நன்றாகச் சுற்றுகிறது, மறுநாள் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மிஸ்ஸிங் அடிக்கிறது. ஹெட்லைட் போட்டால் ஃபியூயல் கேஜ் முள் நகர்கிறது. பேட்டரி போன மாதம்தான் மாற்றியது. ஒருவர் டைனமோவை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் வயரிங்கையே புதிதாக இழுக்கச் சொல்கிறார், மூன்றாமவர் இன்ஜினை இறக்கினால்தான் சரிப்படும் என்கிறார். மூன்று பேரும் போனட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பலருடைய குழப்பம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு வழிகளில் எதில் போனாலும் சரி, மல்டிமீட்டரில் (வோல்ட், கரண்ட் அளக்கும் கருவி) நாலைந்து எண்களைப் பார்க்காமல் ஒரு பாகத்துக்குக்கூடப் பணம் கொடுக்காதீர்கள். பழைய வண்டியில் இன்ஜின் கோளாறு மாதிரியே தெரியும் பல விஷயங்கள் கடைசியில் கரண்ட் கோளாறாக முடியும். கரண்ட் கோளாறு மாதிரித் தெரிவதில் பாதி, ஒரு போல்ட்டின் அடியில் இருக்கும் துருவாக முடியும்.

## முடிவு எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கோளாறு நிலையாக இருக்கிறதா, வந்து வந்து போகிறதா. எல்லாவற்றையும்விட இது முக்கியம். எப்போதும் இருக்கிற கோளாறை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம், வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் அகப்பட்டுவிடும். வந்து போகிற கோளாறு அப்படியில்லை. நீங்கள் கடையில் விடுகிற அன்றைக்கு வண்டி நல்ல பிள்ளையாக ஓடும், திரும்பி வருகிற வழியில் நிற்கும். அது வருகிற நேரத்தில் வண்டியோடு இருக்கப் போகிறவர் நீங்கள்தான் என்பதால், இந்த வகையில் பாதி வேலை உங்களுடையது.

வயரிங்கில் யார் யார் கை வைத்திருக்கிறார்கள். கம்பெனி போட்ட வயரிங் அப்படியே இருந்தால், வயதானாலும் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு, வரைபடத்தை வைத்து நடக்கலாம். ஸ்டீரியோ, கூடுதல் லைட், ரிவர்ஸ் ஹாரன், டிரெய்லர் இணைப்பு என்று முந்தைய உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால் கணக்கே வேறு.

எந்தத் தலைமுறை வண்டி. பாயிண்ட், கண்டன்சர் (ஸ்பார்க் வரவழைக்கும் பழைய சுவிட்ச் முறை), கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த வண்டிக்கு மீட்டரும் டெஸ்ட் லாம்பும் (கரண்ட் வந்தால் எரியும் சோதனை விளக்கு) கிட்டத்தட்ட போதும். பாயிண்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் வந்த பிறகு கொஞ்சம் கடினம். கம்ப்யூட்டரும் ஃபியூயல் இன்ஜெக்ஷனும் சேர்ந்த ஆரம்பகால வண்டிகள்தான் உண்மையில் சிரமமானவை, ஏனென்றால் அவற்றில் நிறைய சென்சார் இருக்கும், ஆனால் இன்றைய வண்டி மாதிரித் தன் கோளாறைத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வேறு ரகம். ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்ட் அவ்வளவாகத் தேவையில்லை.

வண்டி எவ்வளவு சீக்கிரம் வேண்டும். தினமும் அதை வைத்துப் பிழைப்பு நடக்கிறது என்றால், வார இறுதியில் பிரித்துப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை விழிக்க முடியாது.

தப்பானால் என்ன சேதம். உள்விளக்கு எரியவில்லை என்பதும், டாஷ்போர்டுக்குள்ளிருந்து கருகல் வாடை வருகிறது என்பதும் ஒன்றல்ல. பின்னதில் முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவது, மற்றதெல்லாம் அப்புறம்.

## வழி 1: நாமே மீட்டர் வைத்துத் தேடுவது

தேவைப்படுவது ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், நீளமான ஒரு வயர், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் (கடன் வாங்கினாலும் போதும்), உங்கள் வண்டியின் அதே மாடல், அதே ஆண்டுக்கான வயரிங் வரைபடம். ஆண்டு மாறினால் வயரின் நிறம் மாறிவிடும், அடுத்த வருட வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடினால் நேரம்தான் வீண்.

முதலில் பேட்டரி. சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா விட்ட பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. வண்டியை இப்போதுதான் நிறுத்தினீர்கள் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் கூடுதலாகக் காட்டும். அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். அப்படி வராமல் 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியும் பல்புகளும் சீக்கிரம் போகும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஓடுகிற இன்ஜினில் பேட்டரியைப் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது, காட்டினால் ஆல்டர்னேட்டரில் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம், பேச்சில் டைனமோ) டையோடு போயிருக்கலாம். ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'டைனமோ வேலை செய்கிறதா' என்று பார்க்கும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த ஒரு நொடியில் எகிறும் வோல்ட் ரெகுலேட்டரையும் மாட்யூலையும் சேர்த்தே கொல்லும்.

இந்த எண்கள் சரியாக இருந்தும் செல்ஃப் முனகுகிறதா? இங்கேதான் பெரும்பாலானோர் தவறான பக்கம் திரும்புகிறார்கள். வயர் நன்றாக இருக்கிறதா என்று ஓம் மீட்டரில் பார்த்து, பூஜ்யம் காட்டுகிறது, ஆகவே நல்ல வயர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் கேபிள்கூட மீட்டரின் சின்ன கரண்டுக்குப் பூஜ்யம்தான் காட்டும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ நூறு ஆம்ப்ஸுக்கு மேல். அதனால் லோடு ஓடும்போது எவ்வளவு வோல்ட் வழியில் தொலைகிறது என்றுதான் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையின் மேலேயே வையுங்கள் (கிளாம்ப்பின் மேல் வேண்டாம்), இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கத்தில் (கரண்ட் இரும்பு வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கோளாறு. பாசிட்டிவ் முளையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினல் வரை இதே மாதிரிப் பார்த்தால் 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் கேபிள், சாலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்), டெர்மினல் ஒவ்வொன்றாகத் தனித்தனியே பாருங்கள்.

எர்த் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பிக்கப்பின் பாதி விசித்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதாவது சேசிஸோடு அதற்கு இரும்புத் தொடர்பு கிடையாது. பின்னிய செம்புப் பட்டை ஒன்றுதான் இன்ஜினையும் பாடியையும் இணைக்கிறது. யாராவது கிளட்ச் வேலை பார்த்தபோது அதைக் கழற்றித் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால், கரண்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடித்த உடனே அந்தக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும்; சில சமயம் உறைக்குள் ஒட்டிக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் இறுகிவிடும், உடனே கேபிள் பழசு என்று சொல்லி அதை மாற்றுவார்கள். மாற்றின கேபிளும் அதே மாதிரி இறுகும். இண்டிகேட்டர் போட்டால் பின் பக்கத்து மற்ற விளக்குகளும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறதா, அந்த டெயில் லாம்ப்பின் எர்த். ஃபியூயல் கேஜ் மட்டும் தாறுமாறாக ஓடுகிறதா, டேங்க்கின் எர்த். ஃபியூயலும் டெம்பரேச்சரும் சேர்ந்தே ஏறி இறங்கினால் கேஜ்களுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி என்றால், கரண்ட் எங்கோ கசிகிறது. நெகட்டிவ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்ப்ஸ் துளையில் போட்டு வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்ப்புக்குள் இருந்தால் சரி, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டியில் இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும். கூட இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எண் எதில் விழுகிறதோ அந்த சர்க்யூட். எல்லா ஃபியூஸையும் உருவியும் விழவில்லையா, ஆல்டர்னேட்டரின் வயரைக் கழற்றிப் பாருங்கள். மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போகும்.

மின்சாரமே இல்லாத மாதிரி மொத்தமும் செத்துக் கிடந்தால், ஃபியூஸ் பெட்டிக்கு முன்னால் பேட்டரி பக்கத்தில் ஃபியூசிபிள் லிங்க் என்று ஒரு வயர் (தானே ஃபியூஸாக எரிந்து அறுவது) இருக்கிறதா பாருங்கள். இது எரிந்தாலும் வெளி உறை முழுசாகவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே செம்பு போய்விட்டது. ஆனால் அதை மாற்றுவதோடு நிறுத்தக் கூடாது, எது அதை எரித்தது என்பதையும் தேட வேண்டும்.

இன்ஜின் பக்கம் மூன்றே கேள்வி: ஸ்பார்க் இருக்கிறதா, எரிபொருள் வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா. செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது என்றால் அது கார்புரேட்டர் வேலையே அல்ல, பெரும்பாலும் காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட் தரும் பாகம்) போகும் கரண்டைக் குறைக்கும் பேலாஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கும் (செல்ஃப் அடிக்கும்போது மட்டும் காயிலுக்கு நேரடியாகக் கரண்ட் போவதால் அப்போது ஓடுகிறது). சூடானதும் நின்று, அரை மணி கழித்துத் திரும்ப ஸ்டார்ட் ஆகிறதா? நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க்கைப் பாருங்கள். ஸ்பார்க் இல்லை என்றால் காயிலோ இக்னிஷன் மாட்யூலோ; ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம், டேங்க் மூடியின் காற்றுத் துளையும் அடைத்திருக்கலாம். ஆறிய பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை, எல்லாம் சரியாகவே இருக்கும். டீசலில் முதலில் ஸ்டாப் சாலினாய்டு (டீசலைத் திறந்து அடைக்கும் காந்த வால்வு). சாவி போட்டதும் அது 'க்ளிக்' என்கிறதா கேளுங்கள். அப்புறம் ஏர் இழுக்கிறதா என்று குழாய் இணைப்புகள், ஃபில்டர் வாஷர். அப்புறம் ஹீட்டர் பிளக்.

மறைவான செலவு இங்கே நேரம்தான். அதோடு இன்னொன்றும் உண்டு: பழைய பிளாஸ்டிக் கனெக்டர்கள் கழற்றும்போதே உடையும், அந்த மாடல் கனெக்டர் கிடைக்காது. வயரின் உறையைக் குத்தி டெஸ்ட் செய்தால் அந்தத் துளை வழியாக ஈரம் போய் அடுத்த மழைக்காலத்தில் உள்ளே பச்சை பூத்துவிடும், ஆகவே கனெக்டரின் பின்பக்கமாகவே மீட்டர் முனையை நுழையுங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் வண்டியில் சென்சார் வயர்களில் பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் வேண்டவே வேண்டாம்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்: வேறு வண்டி ஒன்று கைவசம் இருப்பவருக்கு, கோளாறு வந்து போகிற ரகமாக இருப்பவருக்கு, கம்பெனி வயரிங் பெரிதாகக் கலையாத வண்டிக்கு.

## வழி 2: சந்தேகப்படுகிற பாகத்தை மாற்றிப் பார்ப்பது

இது எல்லோருக்கும் பிடித்த வழி, ஏனென்றால் ஏதோ செய்த மாதிரி இருக்கும். நான்கு வழிகளில் வெளியே மலிவாகத் தெரிந்து உள்ளே அதிகம் கரைவது இதுதான்.

காரணம் பணம் மட்டும் இல்லை. பாகத்தை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறீர்கள், அந்த உரசலிலேயே டெர்மினலில் இருந்த அழுக்கு நீங்கிக் கரண்ட் ஓட ஆரம்பிக்கிறது. வண்டி சரியாகிவிட்டது, பாகம்தான் கோளாறு என்று நம்பிவிடுகிறீர்கள். சில வாரம் கழித்து அதே கோளாறு வந்தால், 'அந்தப் பாகம் புதுசு, அதுவாக இருக்காது' என்று அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேடுவீர்கள். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் பழைய பாகத்தின் கனெக்டரையே கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

புதிய பாகம் என்பதாலேயே அது நல்ல பாகம் என்றும் சொல்ல முடியாது. பாயிண்ட், கண்டன்சர், இக்னிஷன் மாட்யூல் மாதிரி இப்போது அதிகம் விற்காத சாமான்களில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருப்பவை உண்டு. கழற்றிய பழைய கண்டன்சர் வேலை செய்தது என்றால் தூக்கி எறியாதீர்கள், வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பாகத்தை ஒருமுறை மாட்டிவிட்டால் பெரும்பாலும் கடையில் திரும்ப எடுப்பதில்லை. இன்னொரு ஆபத்து: மூல காரணம் அப்படியே இருக்கும்போது புதிய பாகமும் எரியும். உள்ளே செல் ஒன்று போன பேட்டரியோடு புது ஆல்டர்னேட்டரை மாட்டினால் அது நாள் முழுக்க முழு வேகத்தில் சார்ஜ் கொடுத்துக் கொடுத்தே சூடாகிப் போகும்.

ஆனாலும் இந்த வழி சரியாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. ரிலேயை (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) சந்தேகப்பட்டால் பக்கத்தில் இருக்கும் ஹாரன் ரிலே அதே எண்ணா என்று பார்த்து மாற்றிப் போடுங்கள், செலவே இல்லை. பிளக், டிஸ்ட்ரிப்யூட்டர் கேப், ரோட்டார், ஃபியூயல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் எப்படியும் காலம் முடிந்தால் மாற்ற வேண்டியவை. எப்போது மாற்றியது என்றே தெரியாத வண்டியில் இவற்றை மாற்றிவிட்டுத் தேட ஆரம்பிப்பது நியாயம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். நாலைந்தை ஒரேயடியாக மாற்றிய பிறகு வண்டி இன்னும் மோசமானால் எது காரணம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

## வழி 3: எலக்ட்ரீஷியனிடமோ மெக்கானிக்கிடமோ விடுவது

இருவரும் ஒருவரில்லை. இன்ஜின் மெக்கானிக்கிடம் வயரிங் கோளாறைக் கொண்டுபோனால் அவருக்குத் தெரிந்த இடத்தில்தான் தேடுவார், எலக்ட்ரீஷியனும் அப்படியே. அதனால்தான் மேலே சொன்ன அடிப்படை எண்களையாவது நீங்களே பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஸ்கேனர் வைத்திருக்கும் பெரிய கடை பழைய வண்டிக்கு உதவும் என்று நினைக்காதீர்கள். ஸ்கேனர் கோளாறைப் படிக்கும் பொதுவான ஓபிடி-2 முறை அமெரிக்காவில் கட்டாயமானதே 1996 மாடலிலிருந்துதான், மற்ற நாடுகளில் அதற்கும் பின்னால். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர் வண்டிகளில் டாஷ்போர்டு லைட் மினுக்கிக் கோளாறுக் குறியீட்டைச் சொல்லும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முறை. பாயிண்ட்டின் இடைவெளி பார்த்து டைமிங் லைட் வைத்து செட் செய்யத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

வண்டியை விடும்போது 'ஸ்டார்ட் ஆகவில்லை, பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். குளிர்ந்திருக்கும்போதா சூடானதற்குப் பிறகா, மழையிலா வெயிலிலா, அப்போது என்னென்ன போட்டிருந்தீர்கள், டேங்க்கில் எவ்வளவு இருந்தது, சத்தம் எப்படி, புகை என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கருப்புப் புகை என்றால் எரிபொருள் கூடுதல் அல்லது காற்று குறைவு, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வரும் வெள்ளை என்றால் பெட்ரோல் வண்டியில் தண்ணீர் உள்ளே போகிறது, டீசலில் அதோடு எரியாத டீசலும் காரணமாக இருக்கலாம். இந்தத் தாள் அவருடைய மணிக்கணக்கை மிச்சப்படுத்தும், அந்த மணிக்கணக்கு உங்கள் பணம்.

மறைவான செலவுகள்: வண்டியை இழுத்துக்கொண்டு போவது, பாகம் வரும் வரை அங்கே வெயிலில் கிடப்பது, கோளாறு அவர் முன்னால் வராமலே போவது. அதோடு 'நேர் வயர்' போட்டுக் கொடுப்பது. சுவிட்சையும் ஃபியூஸையும் சுற்றிக்கொண்டு பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்து, வேலை முடிந்தது என்பார்கள். அன்றைக்கு ஓடும். ஃபியூஸ் இல்லாத அந்த வயர் ஒருநாள் ஒரு இரும்பு விளிம்பில் உரசி உறை கிழிந்தால் தீப்பிடிக்கும். ஆகவே வண்டியை எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எதை அளந்து பார்த்து இந்தப் பாகம் என்று முடிவு செய்தீர்கள், புதிதாகப் போட்ட வயருக்கு ஃபியூஸ் எங்கே? கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

டீசல் பம்ப்பின் உள்வேலை, ஃபியூயல் இன்ஜெக்ஷன், ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் வயரிங், ஏர்பேக் பக்கம் எதுவாக இருந்தாலும் யோசிக்காமல் இந்த வழிதான். ஏர்பேக்கின் வயரில் மீட்டர் வைப்பது விளையாட்டல்ல.

## வழி 4: வயரிங்கைப் புதிதாக இழுப்பது, இன்ஜினை இறக்குவது

இரண்டும் பெரிய வேலை, இரண்டும் அவசரப்பட்டு எடுக்கப்படும் முடிவு.

வயரிங்கை முழுதாக மாற்ற நியாயமான காரணங்கள் சிலவே. பல இடங்களில் உறை கையில் பொடிப்பொடியாக உதிர்கிறது, எலி கடித்திருக்கிறது, ஏற்கெனவே ஒருமுறை எரிந்திருக்கிறது, டேப் சுற்றிய இணைப்புகளை எண்ண ஆரம்பித்தால் முடியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தால் தேடிக்கொண்டிருப்பதைவிட மாற்றுவதே மலிவு. உங்கள் மாடலுக்கே செய்த செட் கிடைத்தால் அதுதான் நல்லது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் பொதுவான கிட் விலையில் குறைவாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் முனையை நீங்களே செய்ய வேண்டும், நிறங்கள் உங்கள் வரைபடத்தோடு ஒத்துப்போகாது, அடுத்து யார் தேடினாலும் அவருக்குத் தலைவலி. இன்னொன்று, வயர் புதுசானாலும் சுவிட்சுகள் அதே பழசுதான். டாஷ்போர்டைக் கழற்றும்போது காய்ந்துபோன பிளாஸ்டிக் உடைவதும் கணக்கில் சேரும்.

பெரும்பாலான வண்டிகளுக்கு நான் சொல்வது நடுவழி: அடிமரத்தை மட்டும் மாற்றுங்கள், கிளைகளை விடுங்கள். பேட்டரியின் இரண்டு கேபிள்கள், இன்ஜினுக்கும் பாடிக்கும் சேசிஸுக்கும் எர்த் பட்டைகள், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஃபியூஸோடு ஒரு தடிமனான வயர், ஹெட்லைட்டுக்கு ரிலே. பழைய பிக்கப்புகள் பலவற்றில் ஹெட்லைட்டின் மொத்த கரண்டும் டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகவே போகிறது, அதனால்தான் சுவிட்ச் உருகுகிறது, லைட்டும் மஞ்சளாக எரிகிறது. ரிலே போட்டதும் அதே பல்பு வெளிச்சமாவதைக் கண்ணால் பார்க்கலாம். டாஷ்போர்டில் வோல்ட் மீட்டருக்குப் பதில் ஆம்மீட்டர் இருக்கும் சில பழைய வண்டிகளில் சார்ஜிங் கரண்ட் முழுவதும் அதன் வழியே கேபினுக்குள் வந்து போகும். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) உள்ள கனெக்டர் பழுப்பேறி உருகியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். வயருக்கு ஏற்ற ஃபியூஸ் போடுங்கள், ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள்.

இன்ஜின் இறக்குவதற்கு முன் அதற்கான ஆதாரம் கையில் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் பொதுவாக 120 முதல் 180 பிஎஸ்ஐக்குள் இருக்கும். எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம்; மிகக் குறைந்தது மிகக் கூடியதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்து, எண் ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்), ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வு, கேஸ்கெட் என்றால் ஹெட்டைக் கழற்றினால் போதும், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. டீசலில் இந்த ஆயில் சோதனை கூடாது, அதற்கான கேஜும் வேறு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் லைட் எரிகிறது என்பதற்காக பேரிங் போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அளந்து பார்த்து இன்ஜின் உண்மையாகவே தேய்ந்துவிட்டது என்றால், உள்ளதையே போர் வேலை பார்ப்பதா, வேறு பழைய இன்ஜினை வாங்கி மாட்டுவதா? வாங்கிய இன்ஜின் என்றால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அதன் வரலாறு யாருக்கும் தெரியாது. கம்ப்ரஷன் பார்க்க விடாத ஆளிடம் வாங்காதீர்கள். மவுண்ட், ஃப்ளைவீல், கிளட்ச், சென்சார் கனெக்டர் ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறியிருந்தால் அங்கங்கே செலவு. பதிவுச் சான்றில் இன்ஜின் எண் பதியும் ஊரானால் அந்த வேலையும் சேரும். வண்டியைப் பல வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் உள்ளதையே சரி செய்வது என் விருப்பம்.

## ஒரே பார்வையில்

| | நாமே தேடுவது | பாகம் மாற்றுவது | ஆளிடம் விடுவது | மொத்த வேலை |
|---|---|---|---|---|
| நிலையான கோளாறு | நன்று | சுமார் | நன்று | தேவைப்படாது |
| வந்து போகும் கோளாறு | மிக நன்று | மோசம் | பாதிப் பலன் | வயரிங் மட்கியிருந்தால் மட்டும் |
| பலர் கை வைத்த வயரிங் | பொறுமை வேண்டும் | மோசம் | மணிக்கணக்கு ஏறும் | இதுவே மலிவு |
| வண்டி உடனே வேண்டும் | கஷ்டம் | ரிலே, ஃபில்டர் வரை சரி | நன்று | முடியாது |
| மறைவான செலவு | நேரம், உடையும் கனெக்டர் | திரும்பப் பெறாத பாகம், திசைமாறும் தேடல் | இழுவை, காத்திருப்பு, நேர் வயர் | சுவிட்சு, பிளாஸ்டிக், பொருந்தாத பாகம் |
| தீ ஆபத்து இருந்தால் | நிறுத்திவிடவும் | கூடவே கூடாது | உடனே | ஆள் பார்த்த பிறகு |

## கரண்ட், இன்ஜின் இரண்டிலும் சந்தேகம் என்றால்

பலருடைய வண்டி இந்த நிலையில்தான் இருக்கும். அப்போது கரண்டை முதலில் முடியுங்கள். எர்த் சரியில்லாத வண்டியில் இன்ஜினைப் பற்றி எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது: செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நல்ல இன்ஜினும் குறைந்த கம்ப்ரஷன் காட்டும், வோல்ட் குறைந்தால் ஸ்பார்க் மஞ்சளாகப் பலவீனமாக வரும், உடனே கார்புரேட்டரில் கை வைக்கத் தோன்றும், நன்றாக இருந்த டியூனிங்கும் கலையும். சேசிஸைத் துரு தின்றிருந்தால் மட்டும் இது எதிலும் பணம் போடாதீர்கள். இன்ஜினும் வயரிங்கும் மாற்றலாம், ஸ்பிரிங் பிடித்திருக்கும் இடத்தில் சேசிஸ் ஓட்டையாகிவிட்டால் அந்த வண்டியில் லோடு ஏற்றுவதே ஆபத்து.

மற்றபடி வரிசை இதுதான்: பேட்டரி முளைகளையும் கிளாம்ப்களையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள், எர்த் பட்டைகளின் அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி இரும்பு தெரிய வைத்து இறுக்குங்கள், பேட்டரியை முழு சார்ஜில் வையுங்கள். அதற்கப்புறம் இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, எல்லாப் பிளக்கையும் எடுத்து, பிளக் துளைப் பக்கம் பெட்ரோல் வாடையோ தீப்பொறியோ இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுத்து எழுதி வையுங்கள். அந்தத் தாளையும் வோல்ட் எண்களையும் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கைப் போய்ப் பாருங்கள்.